மெங்குடு யாருக்காகப் பழுக்கிறது?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் சமூகத் தோட்டத்தில், வேலியோரமாக ஒரு மெங்குடுச் செடி நிற்கிறது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் இலைகள், ஒவ்வொன்றும் இரண்டு உள்ளங்கை அகலம். நட்டவர் எதிர் புளோக்கில் இருக்கும் ஒரு மலாய் மாக்சிக், அதாவது வயதான அம்மா. போன வருடம் மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், மாலையில் நடக்கப் போனவர் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

“தம்பி, இது நம்ம ஊரு மஞ்சணத்திதானே? பழம் மட்டும் ஏன் இப்படி வெளுத்துப் போய்க் கிடக்கு?”

“சொந்தக்காரச் செடி, பாட்டி” என்றேன். அவருக்கு அது போதவில்லை. ஒரு பழத்தைப் பறித்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை முந்தானையில் துடைத்தார். “சே! இதைப் போயி மனுசன் தின்பானா?”

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் நீளம். தின்பான், தின்றிருக்கிறான், இப்போது போத்தலில் அடைத்துக் காசு கொடுத்தும் குடிக்கிறான். ஆனால் அந்தச் செடியைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், பழம் மனிதனை மனத்தில் வைத்து உண்டானதல்ல என்பது விளங்கும். மனிதனுக்கு அதில் உருப்படியாகக் கிடைத்தவை வேரும் இலையும்தான். பழம் வேறு யாருக்கோ.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மெங்குடுவின் அறிவியல் பெயர் மொரிண்டா சிட்ரிஃபோலியா. 1753இல் லின்னேயஸ் வைத்தது. மல்பெரியின் லத்தீன் பெயரையும் இந்தியாவையும் ஒட்டவைத்து மொரிண்டா. எலுமிச்சை இலையை நினைவூட்டும் இலை என்பதால் சிட்ரிஃபோலியா. ஆனால் மல்பெரிக்கும் இதற்கும் உறவில்லை, எலுமிச்சைக்கும் இல்லை. நிஜமான உறவு காப்பியோடு. காப்பிச் செடியும், இங்கே நடைபாதை ஓரங்களில் வேலியாக வெட்டி நிறுத்தியிருக்கும் இட்லிப்பூவும், மெங்குடுவும் ஒரே குடும்பம். இதன் வெள்ளைப் பூவைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குக் காப்பிப் பூ ஞாபகம் வராமல் இருக்காது.

பாட்டி சொன்ன மஞ்சணத்தி இதே மொரிண்டா பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு மரம். தமிழ்நாட்டின் வறண்ட நிலத்திலும் வயல் வரப்பிலும் தானாக முளைப்பது. வடக்கே நுணா என்பார்கள், தெற்கே மஞ்சணத்தி. கட்டையை வெட்டினால் உள்ளே மஞ்சள் நிறம், பெயர் அங்கிருந்து வந்தது. அதன் பழம் சின்னது, கனிந்தால் கறுத்துவிடும், தின்ற பிள்ளையின் நாக்கும் கறுத்துவிடும். சங்கப் பாட்டிலும் அதற்கு இடமுண்டு. ஐங்குறுநூற்றின் இளவேனிற் பத்தில், தலைவன் வரவில்லை, இளவேனில் மட்டும் வந்துவிட்டது என்று தலைவி வருந்தும் இடத்தில், கரிய அடிமரத்தையுடைய நுணவம் வண்டு மொய்க்க மணக்கிறது. மணப்பது பூ. பழத்தைப் பற்றி அந்தப் பாட்டு வாயைத் திறக்கவில்லை.

மெங்குடு அதன் கடற்கரைப் பங்காளி. தமிழில் வெண்நுணா என்ற பெயர் உண்டு. பழுத்தால் கறுப்பதற்குப் பதில் மஞ்சளாகி, பிறகு வெளுத்து, கடைசியில் மெழுகுபோல் பாதி ஒளி ஊடுருவும் பதத்துக்கு வந்துவிடும். தென்கிழக்காசியாவிலிருந்து வட ஆஸ்திரேலியா வரை இதன் பிறந்தகம். அங்கிருந்து படகுகளில் ஏறிப் பசிபிக் தீவுகள் முழுக்கப் போனது.

அந்தத் தீவுகளில்தான் ‘நோனி’ என்ற பெயர். நோனியும் நுணாவும் ஒலியில் நெருங்கியிருப்பதால், நம் சொல்தான் கடல் கடந்து போய்விட்டது என்று அடித்துச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சமோவாவில் நொனு, தாஹித்தியில் நொனோ, ஹவாயில் நோனி என்று அது அந்தத் தீவு மொழிகளுக்குள்ளேயே தாயும் பிள்ளையுமாக வரிசையாக நிற்கிறது. மலாயின் மெங்குடுவும் பிலிப்பீன்ஸின் பங்குடோவும் அப்படித்தான். இரண்டு சொற்கள் ஒத்து ஒலித்தால் உடனே சம்பந்தம் பேசிவிடக் கூடாது.

இந்தச் செடிக்குப் பிடித்த இடம் கரையோரம். மணல், பவளச் சுண்ணாம்பு, எரிமலைப் பாறை, உப்புக் காற்று, உவர் நீர் எதற்கும் அசராது. வெயில் வேண்டும், மற்றபடி கேட்பது ஒன்றுமில்லை. இங்கே புலாவ் உபின் தீவுக்குப் பம்போட்டில் (சிறு மோட்டார்ப் படகில்) போய் இறங்கி, செக் ஜாவா ஈரநிலம் பக்கம் நடந்தால் பார்க்கலாம். லாப்ரடோரின் பாறைச் சரிவுகளிலும், தெற்குத் தீவுகளிலும் தென்படும். அரிதாகிப்போன செடி அல்ல. தெரியாமல் போன செடி. தினமும் அதைக் கடந்து ஓடுபவர்களில் பாதிப்பேருக்கு அது என்னவென்று தெரியாது. பழம் விழும் காலத்தில் மட்டும் “இங்கே ஏதோ செத்துக் கிடக்கிறது” என்று நினைத்துக்கொள்வார்கள்.

சிங்கப்பூரில் ‘கரையோரம்’ என்பதே ஓரிடத்தில் நிற்காத ஒன்று. பீச் ரோடு என்ற பெயரில் கடற்கரை இருக்கிறது, சாலையில் நின்றால் கடல் தெரியாது. கிழக்குக் கடற்கரையில் மண் கொட்டிக் கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி 1966இல் தொடங்கி, இருபது ஆண்டுகள் போல் நடந்தது. கத்தோங்கில் கடலைப் பார்த்துக் கட்டிய வீடுகள் இன்று அடுக்குமாடிகளைப் பார்த்து நிற்கின்றன. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு, இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. செக் ஜாவாவும் தூர்ப்பதற்குக் குறிக்கப்பட்ட இடம்தான். 2001 கடைசியில் அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டதால் பிழைத்தது.

கரை இப்படி நகர்ந்துகொண்டே இருந்தால் கரைச் செடிகளின் கதி என்ன? சதுப்புநில மரங்களுக்கு அது மரண அடி. அவற்றுக்குச் சேறு வேண்டும், ஏற்றவற்றம் வேண்டும், பல வருட அமைதி வேண்டும். மெங்குடுவுக்கு அப்படி இல்லை. கொட்டிய மணலும், திறந்த வெயிலும், உப்புக் காற்றும் உள்ள புதுக்கரை அதற்கு ஒத்துப்போகிற இடம். பழைய கரை போனாலும் புதுக்கரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு வழி செய்து கொடுப்பது விதை.

மெங்குடு விதையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்புச் சிவப்பு நிறம், தட்டையான முக்கோணம் மாதிரி, எள்ளைவிடப் பல மடங்கு பெரிது. ஒரு பக்கத்தில் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் காற்று. விதைக்கு உள்ளேயே ஒரு சின்ன மிதவை கட்டி அனுப்பியிருக்கிறது மரம். கனிந்த பழம் நீரில் விழுந்து சதை அழுகிக் கரைந்தாலும் விதை அமிழாது, மாதக்கணக்கில் மிதக்கும். தோல் கெட்டி, உப்பு நீர் எளிதில் உள்ளே புகாது. அந்தக் கெட்டித் தோல்தான் தொட்டியில் விதைப்பவர்களைச் சோதிக்கிறது. ஊன்றி வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் விதையின் ஓரத்தைச் சுரண்டிவிட்டு விதைப்பார்கள், அல்லது கிளையை வெட்டி நட்டுவிடுவார்கள். மாக்சிக் கிளையைத்தான் நட்டாராம்.

பழத்தின் அமைப்பும் விநோதம். நாம் ஒரு பழம் என்று நினைப்பது ஒரு பழமல்ல. பலாவையும் அன்னாசியையும்போல் கூட்டுக்கனி. உருண்டையான ஒரு மொட்டுத் திரளில் பூக்கள் ஒரே நாளில் பூப்பதில்லை. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று என்று விட்டு விட்டுப் பூக்கும். ஒவ்வொரு பூவின் சூலகமும் பக்கத்துச் சூலகத்தோடு ஒட்டிப் பருத்து, எல்லாம் சேர்ந்து ஒரு பழமாகிறது. தோலில் தெரியும் ஒவ்வொரு ‘கண்’ணும் ஒரு பூ இருந்த தழும்பு. அதனால் ஒரே திரளில் அடியில் காய், உச்சியில் பூ என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். பூ உதிர்ந்த இடத்திலும் எறும்புகள் மொய்த்துக்கொண்டிருக்கும். அகல இலை என்றால் முசுறுகளுக்கும் கொண்டாட்டம். இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டிவிடும். மலாய்க்காரர்கள் ‘கெரெங்கா’ என்று பயத்தோடு சொல்வது இந்த முசுறைத்தான். மெங்குடுவில் கை வைப்பதற்கு முன் அண்ணாந்து பார்ப்பது நல்லது. நான் பார்க்காமல் வைத்திருக்கிறேன்.

சரி, நாற்றத்துக்கு வருவோம்.

பாட்டி முகர்ந்த அந்த வாடைக்குக் காரணம் இரண்டு கொழுப்பு அமிலங்கள்: ஹெக்சனாயிக், ஆக்டனாயிக். இவற்றின் பழைய பெயர்கள் கேப்ரோயிக், கேப்ரிலிக். லத்தீனில் ‘காப்ரா’ என்றால் ஆடு. ஆட்டுப்பாலின் கொழுப்பில் உள்ளவை என்பதால் அந்தப் பெயர்கள். கிடாவின் மொச்சை வாடை என்று நாம் சொல்வதும் இந்த அமிலக் குடும்பத்தின் வேலைதான். ஆகவே மெங்குடுப் பழம் பழைய பாலாடைக்கட்டி மாதிரி நாறுகிறது என்று வெள்ளைக்காரர்கள் எழுதுவது வெறும் உவமை அல்ல, வேதியியல்படி நேர் உண்மை. ஆஸ்திரேலியாவில் இதற்குச் ‘சீஸ் பழம்’ என்றே பெயர்.

ஆக்டனாயிக் அமிலம் நாறுவதோடு நிற்பதில்லை. பழ ஈக்களுக்கு அது நஞ்சு. வாழைப்பழத் தோலைச் சுற்றி வட்டமிடும் அந்தக் குட்டி ஈக்களில் பெரும்பாலானவை, கனிந்த மெங்குடுவின் மேல் உட்கார்ந்தால் செத்துவிழும். ஆனால் இந்தியப் பெருங்கடலில் சீஷெல்ஸ் தீவுகளில் ஓர் ஈ இருக்கிறது. டிரோசோஃபிலா செகெல்லியா என்று பெயர். 1981இல்தான் அறிவியல் உலகம் அதைத் தனி இனமாக விவரித்தது. இந்த ஈ மெங்குடுப் பழத்தையே தேடிப்போய் முட்டையிடும். மற்ற ஈக்கள் அஞ்சி ஓடும் வாடை இதற்கு அழைப்பு. நஞ்சு இதைத் தொடுவதில்லை.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. முட்டை உற்பத்திக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சரியாகச் சுரக்கும் திறனை இந்த ஈ பெருமளவு இழந்துவிட்டது. அதை உண்டாக்கத் தேவையான எல்-டோபா என்ற பொருள் மெங்குடுப் பழத்தில் இருக்கிறது. பழத்தைத் தின்றால்தான் வம்சம் பெருகும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. எல்லோரும் ஒதுக்கிய வீட்டுக்குள் போய்க் குடியேறி, அந்த வீட்டை விட்டால் வேறு கதியில்லாமல் ஆன கதை. பரிணாமம் படிப்பவர்களுக்கு இந்த ஈயும் பழமும் ஒரு செல்லப் பாடம். எந்தெந்த மரபணு மாறியதால் நாற்றம் நறுமணமானது என்று இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, பழம் யாருக்கு என்று கேட்டால் என் பட்டியலில் முதலில் கடல், அடுத்துப் பழந்தின்னி வௌவால்கள், சீஷெல்ஸில் அந்த ஈ. மனிதன் கடைசி வரிசையில் நிற்கிறான்.

ஆனால் வேர் விஷயத்தில் மனிதன் முதல் வரிசை. வேதிச் சாயங்கள் வருவதற்கு முன் சிவப்பு நிறம் என்பது லேசில் கிடைக்கும் சரக்கல்ல. பூவில் கிடைக்கும் சிவப்பு வெயிலில் ஓடிவிடும், துவைத்தால் போய்விடும். நிற்கிற சிவப்பு வேரில் இருந்தது. சோழமண்டலக் கரையில் அதற்குச் சாயவேர் என்ற சின்னச் செடி, மணல் நிலத்தில் வளர்வது. தமிழ் வணிகர்கள் மலாக்காவுக்கும் தீவுகளுக்கும் ஏற்றி வந்த சிவப்புத் துணிகளுக்கு அந்தச் செடிதான் பேர்வாங்கிக் கொடுத்தது. இந்தத் தீவுகளிலேயே நெய்து சாயம் தோய்த்தவர்களுக்கு மெங்குடு. ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்தின் வேர். மூன்றும் அதே காப்பிக் குடும்பம்! மூன்று கரைகளில், தனித்தனியாக மூன்று மக்கள், ஒரே குடும்பத்துச் செடிகளின் வேரைத் தோண்டிச் சிவப்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

மெங்குடு வேரை நீரில் போட்டுக் காய்ச்சினால் மட்டும் சிவப்பு வராது. மஞ்சள்தான் வரும். வேர்ப்பட்டையில் இருக்கும் மொரிண்டின் என்ற பொருள் மொரிண்டோன் ஆக மாறி, அலுமினியத்தோடு சேர்ந்து நூலைப் பிடிக்க வேண்டும். அதற்குப் படிகாரம் போடலாம். படிகாரம் கிடைக்காத இடங்களில், மண்ணிலிருக்கும் அலுமினியத்தை இலையில் சேமித்து வைக்கும் ஒரு மரத்தைக் கண்டுபிடித்து, அதன் இலையையும் பட்டையையும் போட்டார்கள். அலுமினியம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் எப்படித்தான் கண்டார்களோ.

பாலித் தீவில் தெங்கானான் என்ற கிராமம் இன்னும் இந்த வழக்கத்தை விடவில்லை. அங்கே நெய்யும் ‘கெரிங்சிங்’ துணியில், பாவும் ஊடையும் இரண்டுமே நெய்வதற்கு முன்பே முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றப்பட்டவை. நூலைக் கெமிரி என்ற மரத்தின் கொட்டை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் 42 நாள் ஊறவைப்பார்கள். பிறகுதான் மெங்குடுச் சிவப்பு. ஆழமான நிறம் வேண்டுமென்றால் திரும்பத் திரும்பத் தோய்க்க வேண்டும், ஒரு துணி முடிய வருடக்கணக்கும் ஆகும். வேரும் கண்ட வேர் உதவாது. மெல்லிய வேரின் பட்டையில்தான் சாயம் செறிவு. கனத்துப்போனால் கட்டைதான் மிச்சம். இந்தியாவில் இதை ‘ஆல்’ என்ற பெயரில் சாயத்துக்காகவே பயிரிட்ட பகுதிகளில், மூன்று நான்கு வருடத்திலேயே தோண்டிவிடுவார்கள்.

1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் மஞ்சிட்டிச் சிவப்பான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தொழிற்சாலைச் சிவப்பு மலிவாக உலகமெங்கும் வந்து இறங்கியது. மஞ்சிட்டி வயல்களும் சாயவேர்க் கொல்லைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துபோயின. மெங்குடுவும் சாயத் தொழிலிலிருந்து ஏறக்குறைய ஓய்வு பெற்றது.

இலைக்கு ஓய்வு இல்லை. மாக்சிக் செடி வைத்திருப்பதே இலைக்குத்தான். இளம் இலையை முடி மாதிரி மெல்லியதாக அரிந்து, வேறு பல தழைகளோடு, வறுத்த தேங்காய், பொரித்த மீன், பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்த்துச் சோற்றில் பிசறுவது நாசி உலாம். லேசான கசப்பு. அந்தக் கசப்பு இல்லாவிட்டால் சோறு வெறும் தேங்காய்ச் சோறாகிவிடும் என்பது அவர் கட்சி. மீனை மசாலா தடவி இந்த இலையில் சுற்றி வேகவைப்பதும் உண்டு. தாய்லாந்தில் ‘ஹோ மோக்’ என்ற மீன் பதார்த்தத்தின் அடியில் விரிப்பதும் இதே இலை. அங்கே இதன் பெயர் ‘யோ’. கேலாங் சிராய் சந்தையில் உலாம் தழை விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மருந்தாகவும் இலைதான் முன்னால் நிற்கும். இலையைத் தணலில் வாட்டி, வயிற்று உப்புசத்துக்கு வயிற்றிலும் இருமலுக்கு நெஞ்சிலும் வைத்துக் கட்டுவது மலாய்க் கிராமங்களின் பழைய கைமருந்து. 1912 முதல் 1925 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய பர்க்கில், மலாயாவின் பயன்தரு பொருள்களை 1935இல் இரண்டு தடித்த தொகுதிகளாகத் தொகுத்தபோது இத்தகைய வழக்கங்களையெல்லாம் எழுதிவைத்தார். நம் ஊரில் நுணா இலைச் சாற்றைக் குழந்தைகளின் மாந்தத்துக்குப் புகட்டுவார்கள். இரண்டு பாட்டிகளும் மொழி தெரிந்து பேசிக்கொண்டிருந்தால் இந்த ஒரு விஷயத்தில் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும்.

பழத்தையும் தின்றிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பர்மாவில் பிஞ்சைக் கறியாக வைப்பார்கள். இந்தோனேசியாவில் காயை ரூஜாக் என்ற காரமான பழக் கலவையில் சேர்ப்பார்கள். பசிபிக் தீவுகளில் கனிந்ததை உப்புப் போட்டுத் தின்ற வழக்கமும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பஞ்ச காலத்துச் சாப்பாடு. வேறு எதுவும் இல்லாதபோது தின்பது. ‘உண்ணத்தக்கது’ என்று தாவர நூல்களில் ஒரு சொல் இருக்கிறதே, அது நஞ்சில்லை என்பதற்கு மட்டும் உத்தரவாதம். ருசிக்கு அல்ல.

அப்படியிருந்த பழம் எப்படிப் பளபளப்பான போத்தலுக்குள் போனது? 1996இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு நிறுவனம் தாஹித்தியின் நோனிச் சாற்றை, ஒருவர் கீழ் ஒருவராக ஆள் சேர்த்து விற்கும் முறையில் விற்கத் தொடங்கியது. கூடவே ஒரு விளக்கமும் வந்தது: பழத்தில் ‘செரோனின்’ என்ற பொருளுக்கு மூலப்பொருள் இருக்கிறது, அது உடம்பின் எல்லாக் கோளாறையும் சரிசெய்கிறது. அந்தச் செரோனினைப் பிரித்தெடுத்து அதன் வேதிக் கட்டமைப்பைக் காட்டியவர் இன்றுவரை யாருமில்லை. 1998இலேயே நான்கு அமெரிக்க மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் தலையிட்டு, ஆதாரமில்லாத மருத்துவ உரிமைகோரல்களை நிறுத்த வைத்தார்கள். 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சாற்றைப் புதுவகை உணவாக அனுமதித்தது. உணவாக, மருந்தாக அல்ல. விற்பவர்கள் அந்த அனுமதியைக் காட்டும்போது இரண்டாவது பாதியை விழுங்கிவிடுவார்கள்.

சிங்கப்பூரிலும் சத்துணவு மாத்திரை, சாறு வகைகள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. விதி அது. விதி போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்துக்குத்தான் எட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு எட்டாது. “மாமாவுக்குச் சர்க்கரை இறங்கிடுச்சாம்” என்று ஒரு போத்தல் படம் வந்தால் யார் என்ன செய்ய முடியும்?

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நோனிச் சாற்றில் பொட்டாசியம் உண்டு, ஏறக்குறைய ஆரஞ்சுச் சாற்றில் இருக்கும் அளவுக்கு. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது ஒன்றும் இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அப்படியல்ல. பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இப்படி ஒரு நோயாளியின் விவரம் வந்தது. பொட்டாசியம் குறைந்த உணவைத்தான் சாப்பிடுகிறேன் என்று அவர் சாதித்திருக்கிறார். கடைசியில் பார்த்தால் நோனி. நீரிழிவு நம் வீடுகளில் எவ்வளவு சகஜம், அது சிறுநீரகத்தில் போய் முடிவது எவ்வளவு சகஜம் என்பது தெரிந்ததே. சர்க்கரைக்காக நோனி குடிப்பவர்களில் சிறுநீரகமும் தளர்ந்தவர்கள் இருப்பார்கள். மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியல் சொல்லும்போது இந்தப் போத்தலையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பலர் சொல்வதில்லை, “அது பழச்சாறுதானே” என்ற நினைப்பு.

காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில் பூங்காவில் பறித்துக்கொள்ளலாமே என்று யோசிக்கிறவர்களுக்கு: தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் பூங்காவில் இலையோ பழமோ பறித்தால் அபராதம். தானாக விழுந்த பழத்தைக்கூட விட்டுவிடுங்கள்.

பாட்டி ஊருக்குத் திரும்புவதற்கு முன்தினம் தோட்டத்துக்கு வந்தார். மாக்சிக் அவருக்குப் பத்து இலைகளைப் பறித்து, ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். பாட்டி அதை வாட்டிக் கட்டினாரா, பொரியலில் போட்டாரா தெரியாது. அன்று முகர்ந்துவிட்டுப் போட்டாரே, அந்தப் பழத்தை நான் வீட்டுக்கு எடுத்து வந்து, பின்கட்டில் தண்ணீரில் ஊறவைத்து விதைகளைக் கழுவி எடுத்தேன். வாடை மூன்று நாள் போகவில்லை. வீட்டில் வாங்கிய திட்டு அதற்கு மேலும் நீடித்தது. இருபது விதைகளை ஜாம் போத்தலில் உப்பு நீர் விட்டுச் சன்னலில் வைத்தேன். ஏழாவது மாதம் நடக்கிறது. இரண்டு அமிழ்ந்துவிட்டன. பதினெட்டு மிதக்கின்றன.